கே-க்கு ஒரு மாத்திரையா, இரண்டு மாத்திரையா? மராத்தியும் தமிழும் ஒன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

செம்பூர் அம்மா எழுதியது:

வணக்கம். மூன்று நாளாக எங்கள் வீட்டில் ‘மாத்திரை’ என்ற ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 2020-இல் சட்டம் வந்த பிறகு இங்கே மகாராஷ்டிரத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம், அதனால் முதல் வகுப்பிலிருந்தே மராத்தி எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அக்கா தமிழ் சொல்லிக்கொடுக்கிறார், அங்கேயும் போகிறாள். மராத்தியில் ‘க’வின் தலைக்கு மேல் சாய்வாக ஒரு கோடு போட்டால் ‘கே’, இரண்டு கோடு போட்டால் ‘கை’. அந்தச் சாய்வுக் கோட்டுக்குப் பெயர் மாத்ரா. பக்கத்தில் நேராக இறக்கும் கோட்டுக்குப் பெயர் கானா, அதைப் போட்டால் ‘கா’. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

போன ஞாயிறு தமிழ் வகுப்பில் குறில் நெடில் நடத்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை மாத்திரை என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுதியது: கே 1, கை 2, கா 0. கை மட்டும் சரி, மற்ற இரண்டையும் அக்கா சிவப்பு மையில் அடித்து 2 என்று திருத்தியிருந்தார். கா-வுக்கு ஏன் பூஜ்யம் போட்டாய் என்று கேட்டேன். “அதுக்கு மாத்திரையே கிடையாதும்மா, கானா மட்டும்தானே?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லையே!

அன்றைக்கு ராத்திரி அவள் கண்ணை மூடிக்கொண்டு “கே-க்கு ரெண்டு மாத்திரை, கை-க்கு ரெண்டு மாத்திரை” என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்த அத்தை, மகளுக்கு ஆச்சி, அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம், எழுந்து வந்து “ஏட்டி, யாருக்குக் கை வலிக்கி? ரெண்டு மாத்திரையா போடச் சொன்னாங்க?” என்று பதறிப்போய்க் கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தாள். “மூணாவதா ஆச்சி மாத்திரை வேற இருக்காம்மா?” என்றாள்.

கணவர் அதை அப்படியே மனப்பாடம் செய்யச் சொல்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. இவை மூன்றும் ஒரே சொல்லா, இல்லை தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கிற வேறு வேறு சொற்களா? ஒரே சொல் என்றால், எழுத்தின் மேல் போடுகிற கோடும் காய்ச்சலுக்குப் போடுகிற வில்லையும் எந்த ஊரில் சொந்தமாயின?


சயான் தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, முதலில் அந்தப் பிள்ளை எழுதியதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். மராத்தி வகுப்பில் கேட்டிருந்தால் மூன்றுக்கும் மதிப்பெண் கிடைத்திருக்கும். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்தக் குழப்பத்தை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பூஜ்யம் போடுவதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

மராத்திக்காரர் மாத்ரா என்று சொல்வது கண்ணால் பார்க்கிற கோடு. நாம் மாத்திரை என்று சொல்வது காதால் கேட்கிற நேரம். தொல்காப்பியம் நூன்மரபில் ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று இருக்கிறது. இயல்பாக ஒரு முறை கண் இமைக்கிற நேரம், அல்லது ஒரு முறை விரல் நொடிக்கிற நேரம், அதுதான் ஒரு மாத்திரை. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய்யெழுத்து அரை.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, விரலால் செய்துதான் காட்ட வேண்டும். ‘உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே’ என்று பழைய சூத்திரம் ஒன்று உண்டு. நொடிக்க வேண்டும் என்று மனத்தில் நினைக்கிறீர்களே, அது கால் மாத்திரை. கட்டைவிரலை நடுவிரல் மேல் ஊன்றினால் அரை. முறுக்கினால் முக்கால். விட்டு ‘டக்’ என்று சத்தம் வந்தால் ஒன்று. ஒரு நொடிப்பையே நாலாகப் பகுத்திருக்கிறார்கள், எனக்கு வகுப்பெடுத்த நாளெல்லாம் இதில் ஆச்சரியம் தீரவில்லை.

பிள்ளையை உட்காரவைத்து ‘க’ சொல்லும்போது ஒரு முறை நொடிக்கச் சொல்லுங்கள். ‘கா’வுக்கு இரண்டு முறை. ‘க்’ என்று வந்தால் விரலை ஊன்றியதோடு நிறுத்திவிட வேண்டும், சத்தம் வரக்கூடாது. ‘பட்டம்’ என்ற சொல்லை இப்படி விரலால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: டக், ஊன்றல், டக், ஊன்றல். மொத்தம் மூன்று மாத்திரை. பிறகு ‘பாட்டம்’ என்று நீட்டினால் நான்கு. கா-வுக்கு அவள் எந்த ஜென்மத்திலும் பூஜ்யம் போட மாட்டாள்.

கை பற்றி ஒரு வார்த்தை. தனியாக நிற்கும்போது கை இரண்டு மாத்திரைதான். ‘தலை’யின் கடைசியில் வரும் லை குறுகி ஒரு மாத்திரையாகும், அது ஐகாரக்குறுக்கம். இப்போதைக்கு அவளிடம் அதைச் சொல்ல வேண்டாம்.


ஐரோலி எழுதியது:

ஆசிரியர் சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா? என் பையனுக்கு இதே சிக்கல் வந்தபோது நான் செய்தது: கோடு என்றால் ‘மாத்ரா’, நேரம் என்றால் ‘மாத்திரை’. உச்சரிப்பிலேயே பிரித்துவிட்டேன். இரண்டு நோட்டு, இரண்டு பெயர். ஒரே சொல்லா என்ற ஆராய்ச்சியை அவன் பெரியவன் ஆனதும் பார்த்துக்கொள்ளட்டும்.


மாட்டுங்கா வாசகி எழுதியது:

ஐரோலிக்காரர் சொல்வது பரீட்சைக்கு உதவும். ஆனால் பிள்ளை ‘மூணாவதா இன்னொன்று இருக்கா’ என்று தானே கேட்டுவிட்டாளே, கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஒரே சொல்தான். வடமொழியில் ‘மா’ என்ற வேருக்கு அளத்தல் என்று பொருள், அதிலிருந்து மாத்ரா, அதாவது அளவு. எதை அளக்கிறோம் என்பதுதான் துறைக்குத் துறை மாறுகிறது. ஒலியை அளந்தால் இலக்கணத்தில் மாத்திரை. மருந்தை அளந்தால் வைத்தியத்தில் மாத்திரை. சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூலில் உணவை அளவறிந்து உண்பது பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது, அதன் பெயரே மாத்ராசிதீயம். இந்தியில் இன்றைக்கும் ‘சர்க்கரையின் மாத்ரா’ என்றால் சர்க்கரையின் அளவு. தொல்காப்பியரும் மாத்திரை என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ‘ஓரளபு’, ‘ஈரளபு’ என்று அளபு என்ற சொல்லையும் போடுகிறார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

உயிர்க்குறிகளுக்கு மாத்ரா என்ற பெயர் வந்ததும் இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன், மெய்யோடு சேரும் உயிரின் அளவைக் காட்டுவது அந்தக் குறிதானே? இந்தியில் எல்லா உயிர்க்குறிக்கும் மாத்ரா என்றே பெயர், கா-வில் வரும் நேர்கோடும் மாத்ராதான். மராத்தியில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து, நம் துணைக்கால், கொம்பு, சுழி மாதிரி கானா, வேலாண்டி, உகார் என்று பிரித்து, மேலே போடும் சாய்வுக் கோட்டுக்கு மட்டும் மாத்ரா என்ற பெயரை விட்டுவைத்தார்கள். உங்கள் மகள் இந்தி படிக்கத் தொடங்கினால் கா-வுக்கு அங்கே ஒரு மாத்ரா என்பாள், தயாராக இருங்கள்.

அதைவிட ஒன்று. இதே மராத்தியில் பெரிய வகுப்பில் யாப்பு வரும்போது லகு (குறுகிய அசை) ஒரு மாத்ரா, குரு (நீண்ட அசை) இரண்டு மாத்ரா என்று சொல்லிக்கொடுப்பார்கள். அப்போது ஒரே ஒரு கோடு போட்ட அந்தக் ‘கே’ இரண்டு மாத்ரா ஆகிவிடும். ஆகவே இது தமிழுக்கும் மராத்திக்கும் நடுவிலான சண்டை இல்லை, மராத்திக்குள்ளேயே இரண்டும் இருக்கிறது.

பிள்ளைக்குச் சொல்ல ஒரு நல்ல விஷயம் வைத்திருக்கிறேன். பாணினீய சிக்ஷை என்ற ஒலியியல் நூலில் ஒரு சுலோகம் மாத்திரைக்குப் பறவைகளையும் ஒரு விலங்கையும் உதாரணம் காட்டும். பனங்காடை கத்துவது ஒரு மாத்திரை, காகம் இரண்டு, மயில் மூன்று, கீரி அரை மாத்திரை. மும்பையில் பனங்காடைக்கும் மயிலுக்கும் எங்கே போவது, காகத்துக்குப் பஞ்சமில்லை. சன்னலில் வந்து அது ‘கா’ என்று கத்தும்போது விரலை நொடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.


டோம்பிவிலி தபலா எழுதியது:

இந்தச் சொல்லால் நான் மேடையிலேயே மாட்டிக்கொண்டவன், அதனால் சொல்லாமல் போக மனமில்லை.

நான் ஒன்பது வருடமாகத் தபலா கற்கிறேன். எங்கள் குடியிருப்பில் கணபதி பூஜைக்கு ஒரு தமிழ்ப் பையன் மிருதங்கமும் நான் தபலாவுமாகச் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. அவன் அந்த வருடம்தான் ஊரிலிருந்து வந்திருந்தான். ஒத்திகைக்கு நேரமில்லை, கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் “பதினாறு மாத்திரை நான் வாசித்து நிறுத்தியதும் நீ தீர்மானத்தை (முடிக்கும்போது வாசிக்கிற சொற்கட்டை) எடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்துஸ்தானியில் மாத்திரை என்றால் ஒரு முழு எண்ணிக்கை. தீன்தால் என்ற தாளத்துக்குப் பதினாறு மாத்திரை, நாலு நாலாகப் பிரிந்து ஒன்பதாவதில் கையை வீசுவோம். தாதரா ஆறு, ரூபக் ஏழு, கெஹர்வா எட்டு, ஜப்தால் பத்து. கர்நாடக சங்கீதத்தில் அந்த எண்ணிக்கைக்கு அட்சரம் என்று பெயர், ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், சதுஸ்ர நடையில் ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் நாலு மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு. அப்படியென்றால் நான் சொன்ன பதினாறு மாத்திரை அவன் கணக்கில் நாலே அட்சரம்! நான் ஐந்தாவது மாத்திரையில் கை வைக்கும்போது அவன் தீர்மானத்தை ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேரும் தப்பில்லாமல்தான் எண்ணினோம். ஒரே நாளில் கற்றுக்கொண்டேன், இப்போது தென்னிந்திய வாத்தியக்காரர் யாரோடு உட்கார்ந்தாலும் மாத்திரை என்று வாயெடுப்பதில்லை, கையில் தட்டிக் காட்டிவிட்டுத்தான் பேச்சு.

பிள்ளைக்கு ஆசிரியர் சொன்ன நொடிப்பு வழிதான் சரி. விரல் பொய் சொல்லாது.


தாராவி மருந்துக்கடை எழுதியது:

ஆச்சி மாத்திரைக்கு நான் வருகிறேன்.

தொண்ணூறடிச் சாலையில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை, அப்பா காலத்திலிருந்து. சித்த வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து 32 வகை. சாறு, குடிநீர், சூரணம், இளகம், நெய், மெழுகு, செந்தூரம், பற்பம் என்று போகிற அந்த வரிசையில் மாத்திரையும் ஒன்று. இங்கிலீஷ் மருந்து வந்த பிறகு வைத்த பெயர் இல்லை இது. சரக்கைப் பொடித்து, சொன்ன சாற்றை விட்டுக் கல்வத்தில் சாமக் கணக்காக அரைத்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டி நிழலில் உலர்த்துவது. எந்த அளவில் உருட்ட வேண்டும் என்பதுதான் முக்கியம், மிளகளவு, உளுந்தளவு, குன்றிமணி அளவு, சுண்டைக்காய் அளவு என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லியிருக்கும். அப்பா உருட்டும்போது ஒரு குன்றிமணியை எதிரே வைத்துக்கொண்டுதான் உருட்டுவார். சூரணம் என்றால் விரற்கடையளவு எடுங்கள், திரிகடியளவு எடுங்கள் என்று நோயாளியை அளக்கச் சொல்ல வேண்டும், மாத்திரையில் அளந்து கொடுக்கிற வேலையை வைத்தியனே முடித்துவிடுகிறான். மாட்டுங்கா அம்மா சொன்ன ‘அளவு’ எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது.

இனி மராத்திக்காரர்கள். அவர்கள் வில்லையைக் கோளி என்பார்கள், துப்பாக்கிக் குண்டுக்கும் அதே சொல். ஆனால் மாத்ரா என்று அவர்களிடமும் ஒரு மருந்து உண்டு. கடையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் ஒரு மராத்திப் பாட்டி வந்து “மாத்ரா ஆஹே கா?” என்று கேட்க, இவன் காய்ச்சலுக்கா தலைவலிக்கா என்று கேட்டுக்கொண்டு நின்றான். அந்த அம்மா கேட்டது ஹேமகர்ப மாத்ரா. சின்னக் குச்சி மாதிரி கெட்டியாக இருக்கும், கல்லில் தேனோ இஞ்சிச்சாறோ விட்டு இரண்டு இழுப்பு இழைத்து நாக்கில் தடவுவார்கள், நாம் பிள்ளைக்கு உரைமருந்து கொடுக்கிறோமே அப்படி. ஆனால் அது தங்கமும் பாதரசமும் சேர்ந்த மருந்து, வைத்தியர் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது, நான் சீட்டு இல்லாமல் கொடுப்பதும் இல்லை.

இதை வைத்து அவர்கள் பேச்சில் சொலவடையும் இருக்கிறது. ஒரு வழி பலித்துவிட்டால் “மாத்ரா லாகூ பட்லி” என்பார்கள். ஒருவனிடம் யார் வித்தையும் செல்லாது என்றால், அவன் முன்னால் யார் மாத்ராவும் ‘சாலத் நாஹீ’. நாம் பருப்பு வேகாது என்கிறோம் இல்லையா, அதேதான்.


முன்னாள் பெங்களூர் எழுதியது:

கன்னடத்திலும் வில்லைக்கு மாத்ரே என்றுதான் பெயர், தெலுங்கில் மாத்ர. மலையாளத்தில் குளிகா ஆகிவிடுகிறது, அங்கே மாத்ரம் என்றால் ‘மட்டும்’.


முலுண்ட் வங்கி எழுதியது:

மேலே மாத்ரம் என்று பார்த்ததும் எனக்கு வேறொன்று ஓடியது. இந்தியில் காசோலை எழுதும்போது தொகைக்குப் பின்னால் ‘மாத்ர’ என்று போடுவார்கள். தமிழில் ‘மட்டும்’ போடுகிறோம், பழைய பத்திரங்களில் ‘மாத்திரம்’ என்றே இருக்கும். இலங்கைத் தமிழர் இன்னும் மாத்திரம் என்றுதான் எழுதுகிறார்கள். இந்த அளவு, இதற்கு மேல் இல்லை என்பதுதானே அதன் பொருள்? மட்டு என்பதற்கும் அளவு, எல்லை என்றுதான் பொருள், மட்டுப்படுத்து என்கிறோமே. அப்புறம் ‘பார்த்த மாத்திரத்தில்’ என்று சொல்கிறோம், அதில் பழைய கண்ணிமைப் பொழுதே இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. தினமும் எழுதுகிற சொல், இதுவரை நின்று பார்த்ததில்லை.


பவாய் கணக்கு எழுதியது:

கணக்குக்காரர்களுக்கும் இந்தச் சொல்லில் பங்கு உண்டு. பிள்ளைக்குக் கணக்கில் ஆசை இருந்தால் இந்த விளையாட்டைக் கொடுங்கள்.

குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. மொத்தம் மூன்று மாத்திரை வரும்படி எத்தனை விதமாக எழுதலாம்? ககக, ககா, காக. மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு? கககக, கககா, ககாக, காகக, காகா. ஐந்து விதம். ஐந்து மாத்திரைக்கு எட்டு விதம், ஆறுக்குப் பதின்மூன்று. 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது. காரணம் சுலபம்: ஐந்து மாத்திரை வரிசை ஒன்று குறிலில் முடிந்தால் அதற்கு முன்னால் நான்கு மாத்திரை இருக்க வேண்டும், நெடிலில் முடிந்தால் முன்னால் மூன்று மாத்திரை இருக்க வேண்டும், வேறு வழியில்லை, ஆகவே ஐந்தும் மூன்றும் எட்டு.

உலகம் இதை ஃபிபனாச்சி எண்கள் என்கிறது, அவர் நூல் 1202-இல் வந்தது. குஜராத்தில் ஹேமசந்திரர் என்ற சமண அறிஞர் சுமார் 1150-இல் மாத்திரை விருத்தங்களை எண்ணும்போதே இந்த விதியைச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் முன்னால் யாப்பு நூல் எழுதிய விரகாங்கர் சொல்லியிருக்கிறார். ஃபிபனாச்சிக்கு இது முயல் குட்டி போடுகிற கணக்கு, இவர்களுக்கு ஒரு பாட்டடியில் எத்தனை சந்தம் சாத்தியம் என்ற கேள்வி. கல்லூரியில் முயலைப் படித்தபோது வராத சந்தோஷம் எனக்கு இதைத் தெரிந்துகொண்ட அன்று வந்தது.


சயான் தமிழாசிரியர் எழுதியது:

பவாய்த் தம்பி, அருமை. எங்களிடம் மாத்திரைச் சுருக்கம் என்று ஒரு சித்திரகவியே உண்டு. ஒரு சொல்லில் ஒரு மாத்திரையைக் குறைத்தால் வேறு சொல் வர வேண்டும். ஏரி, எரி. பாடம், படம். கால், கல். நான் வகுப்பில் மழைநாளில் பிள்ளைகளை இதில் இறக்கிவிடுவேன், மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.


செம்பூர் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆசிரியர் ஐயா சொன்னபடி விரலால் ஆரம்பித்தோம். அவளுக்கு நொடிக்க வரவில்லை, விரல் வழுக்கிச் சத்தமே இல்லை. “எனக்கு எல்லாமே அரை மாத்திரையா வருது” என்று அழாத குறை. அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பவுடர் தட்டிவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் இருக்கிற பெயரெல்லாம் எண்ணியாயிற்று. ஆச்சி என்பதில் ஆ-வுக்கு இரண்டு, ச்-சுக்கு அரை, சி-க்கு ஒன்று, மொத்தம் மூன்றரை என்றதும் அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. காகம் இன்றைக்குக் காலையில் சன்னலுக்கு வந்தது, ஆனால் இவள் நொடித்த சத்தத்தில் பறந்துவிட்டது.

‘எல்லாமே அளவுதான், எதை அளக்கிறோம் என்பதுதான் வேறு’ என்று மட்டும் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தமிழ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி அப்படியே தருகிறேன்:

கை. மராத்தியில் கோடு 2. தமிழில் நொடி 2. ஆச்சிக்குக் காலையில் 1 ராத்திரி 1, அதுவும் 2.